வாசலிலிருந்து நூறு மீட்டர்

ஜனவரி 8, வியாழன்

வக்கீல் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன். "ஆபீசுக்கு என்னிக்குப் போனீங்க, யாரப் பார்த்தீங்க, என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க அருளப்பன். பின்னாடி கேசு கீசுன்னு ஆனா உதவும்" என்றார். ஆகவே இதில் ஒயின் லைசென்ஸ் சமாசாரம் மட்டும். வேறு கதை எதுவும் கிடையாது.

முதலில் நிலவரம். ஆறு ஏக்கர் பன்னீர் திராட்சை. கம்பத்திலிருந்து வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. மழை வந்தால் அதுவும் இல்லை, பழம் கொடியிலேயே வெடித்து ஈ மொய்க்கும். அதனால்தான் சொந்தமாக ஒயின் போடுவது என்று என் மகன் பெலிக்ஸ் கிளம்பினான். நாசிக்கில் போய் அதற்கென்றே படித்துவிட்டு வந்தான். செட்டு போட்டாயிற்று. ஸ்டீல் டாங்குகள் வந்து நிற்கின்றன. முதற்கட்ட அனுமதியும் அவன் பெயரில் வாங்கியாயிற்று. அது இந்த ஏப்ரல் முப்பது வரைதான் செல்லும். அதற்குள் ஆய்வு முடித்து முழு லைசென்ஸ் வாங்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு அறுபத்திரண்டு வயது. முதலிலிருந்து என்றால் என்னால் ஆகாது. டாங்குகளை எடைக்குப் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

இன்று கவாத்து முடிந்தது. இப்போது வெட்டிவிட்டால் ஏப்ரல் கடைசியில் பழம். லைசென்ஸும் பழமும் ஒரே நேரத்துக்கு வந்து சேர வேண்டும். பழம் வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜனவரி 12, திங்கள்

தேனிக்குப் போய் வந்தேன். கலால் ஆபீசில் அந்தப் பிரிவைப் பார்க்கிற அம்மா நல்ல மாதிரி. பைலை உடனே எடுத்துவிட்டார்.

"மனுதாரர் வரணுமே சார். கையெழுத்து இருக்கு."

"நான் அவங்க அப்பா."

"சரிங்க. அவர் வரலியா?"

"வர முடியாது."

"வெளியூர்ல இருக்காரா?"

தலையை ஆட்டி வைத்தேன்.

"அப்ப அவர்கிட்டேருந்து ஒரு அதிகாரப் பத்திரம் வாங்கிட்டு வந்துருங்க. உங்க பேர்ல பார்த்துக்கலாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். சின்னமனூர் வரை நின்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மதலேன் என்ன ஆச்சு என்று கேட்டாள். நடக்கிறது என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கெபி கட்டி முடித்துவிட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் உயரத்துக்குச் சிமெண்டு மாடம், உள்ளே குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு அந்தோணியார், முன்னால் மெழுகுவர்த்தி வைக்க ஓர் இரும்புத் தட்டு. பங்குச்சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். காப்பி குடித்தார். சர்க்கரை கம்மி என்றார்.

இது மதலேனுடைய யோசனை. லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாளாம். போன வருடம் அதே இடத்தில் ஒரு கல்லை நடவேண்டும் என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் நிலத்தில் அந்தப் பெயரை நான் கல்லில் பார்க்க மாட்டேன் என்று கத்தியும்விட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும், "அந்தோணியாருக்கு ஒரு கெபி கட்டிக்கிறேன். அதுக்காச்சும் ஒத்துக்குவீங்களா?" என்றாள். சாமி காரியம், அதுவும் லைசென்ஸுக்காக என்கிறாள். எப்படி மறுப்பது?

ஆறு ஏக்கர் கிடக்கிறது, ரோடு வளைகிற அந்த இடம்தானா கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

விதிகளை இன்று உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். கண் எரிகிறது.

உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல்தான் இருக்க வேண்டும். சன்னலுக்கெல்லாம் கம்பி, கம்பிக்கு மேல் வலை. ஒவ்வொரு டாங்குக்கும் நம்பரும் கொள்ளளவும் பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும். சரக்கு இருக்கும் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று கலால் அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அதிகாரிக்குத் தனி அறை, மேசை, நாற்காலி, காற்றாடி, கக்கூஸ். எங்கள் வீட்டுக் காற்றாடி தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது. அவருக்குப் புதிது வாங்கி மாட்டியிருக்கிறேன்.

இந்த இரட்டைப் பூட்டைப் பற்றிப் பெலிக்ஸ் கேலி பண்ணுவான். "அப்பா, நம்ம பொண்ணப் பார்க்க நாமளே மாமியார் வீட்டுல பெர்மிஷன் கேக்குற மாதிரி" என்பான்.

லைசென்ஸ் சமாசாரம் மட்டும் என்று எழுதினேன். இதுவும் அதில்தான் சேரும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தோட்டத்து வேலைக்கு வரும் பேச்சியம்மாளின் மூக்குத்தி காணாமல் போய் ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோணியார் கெட்டிக்காரர் என்று மதலேன் சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாள் சுந்தரமாகாளியைக் கும்பிடுகிறவள். அவளுக்கு எந்தச் சாமியும் பகையில்லை. ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுநாள் மாட்டுக் கொட்டகையில் மூக்குத்தி கிடைத்துவிட்டது.

"அம்மா, உங்க சாமி சும்மா சொல்லக் கூடாது, கையோட எடுத்துக் குடுத்துட்டாரு" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

இன்று கெபி முன்னால் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். எதையெல்லாம் தொலைத்திருக்கிறார்களோ.

பிப்ரவரி 11, புதன்

டாங்குகளுக்கு நம்பர் எழுதப் பெயிண்டர் வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று வரை எழுதினான். நாலைத் தலைகீழாகப் போட்டுவிட்டான். அழித்துத் திரும்ப எழுதச் சொன்னேன்.

காலையில் கோயிலில் பூசை. ஆத்தும இளைப்பாற்றிக்காக முதலாண்டுப் பூசை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததாம். மதலேன் போனாள். பெயிண்டரைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? அவள் வந்த பிறகு சாப்பிடவில்லை. நானும் பிறகு சாப்பிடலாம் என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு தேனிக்குப் போனேன். அதிகாரப் பத்திரம் வந்ததா என்று கேட்டார்கள். வரும் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. சாம்பல் நோய்க்கு மருந்து அடித்தோம்.

கெபி என் கையை மீறிப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை என்றால் கம்பத்திலிருந்து ஆட்டோ வருகிறது. தேவசகாயம் என்று கோயில் தெருக்காரன் ஒருவன், வேலை வெட்டி இல்லாதவன், தானே ஓர் உண்டியலைக் கொண்டுவந்து சங்கிலி போட்டுக் கட்டிவிட்டான். போன வாரம் ஒலிபெருக்கி. நம் வாசலில் நமக்கே நிற்க இடமில்லை.

"ஏம்ப்பா, யாரக் கேட்டு உண்டியல் வச்ச?"

"மாமா, சாமிக்குச் செய்யுறதுக்கு யாரக் கேக்கணும்? கமிட்டி போட்டிருக்கோம். நீங்களும் இருங்க, கௌரவத் தலைவரா."

கௌரவத் தலைவராம். மதலேனிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "கூட்டம் போன பெறகுதான் நான் போய் உக்காருறேன். எனக்கு அது போதும்" என்றாள்.

மார்ச் 18, புதன்

ஆய்வுக்கு வந்தார்கள். இதை விவரமாக எழுதியாக வேண்டும்.

அதிகாரி பெயர் கோமதிநாயகம், சங்கரன்கோயில் பக்கம். ஐம்பது வயதிருக்கும். கூட ஒரு உதவியாளர். சுவர் உயரம் பார்த்தார், சரி. சன்னல் வலை, சரி. டாங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தன்னுடைய அறைக்குள் போய்க் காற்றாடியைப் போட்டு அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றார். "நல்லா செஞ்சிருக்கீக அண்ணாச்சி. இம்புட்டு சுத்தமா ஒரு இடம் நான் பார்த்ததில்ல" என்றார். எல்லாம் பெலிக்ஸ் போட்ட வரைபடம். நான் சொல்லவில்லை.

வீட்டுக்குக் காப்பிக்கு அழைத்தேன். அங்கேதான் முதல் கண்டம். கிறிஸ்துமஸுக்கு மதலேன் போட்ட ஒயினில் மிச்சம், பீங்கான் ஜாடியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் ஜாடி இல்லாத வீடு கிடையாது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஜாடி போட்டாலும் குற்றம் குற்றம்தான். மதலேன் ஒரு பழைய சேலையை அதன்மேல் போட்டு மூடினாள். அவர் வேறு இடம் இல்லாத மாதிரி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். "அண்ணாச்சி, அந்த ஜாடியில ஊறுகாதான?"

"ஆமா சார்."

"நல்ல ஊறுகா. லைசென்ஸ் வார வரைக்கும் இனிமே ஊறுகா போடாதீக."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாயிற்று சிரித்து. அந்தச் சமயத்தில்தான் மதலேன் காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள், அவர் பைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி எப்ப வாராப்ல? அதிகாரப் பத்திரம் இன்னும் வரலன்னு போட்டிருக்கே."

மதலேன் அப்படியே நின்றாள்.

"வெளியூர்ல இருக்கதா எழுதியிருக்கு. எந்த ஊரும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பிறகு வாசலுக்கு வந்தோம். புறப்படுகிற நேரத்தில்தான் கெபியைக் கவனித்தார். புதன்கிழமைதான், ஆனாலும் நாலு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. உண்டியல் வேறு. அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்ன அண்ணாச்சி?"

"அந்தோணியார் கெபி சார். வேண்டுதல்."

"பொதுமக்கள் வாராகளா?"

பொய் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்று மூன்று பெண்கள் இறங்கினார்கள்.

உதவியாளரை டேப் பிடிக்கச் சொன்னார். மது தயாரிக்கிற இடத்து வாசலிலிருந்து வழிபாட்டுத் தலம் நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கும் தெரியும், நானே படித்தேன். பள்ளிக்கூடம் இல்லை, கோயில் அரை மைல், நமக்கென்ன என்று அடுத்த பக்கம் புரட்டிவிட்டேன். லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்து, லைசென்ஸ் கிடைக்காத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறோம். டேப்பைப் பாதிகூட இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு எட்டில் முடிந்துவிட்டது.

"நான் கண்ண மூடிக்கிடலாம் அண்ணாச்சி. ஆனா நாளைக்கு ஒருத்தன் போட்டோ எடுத்து மேல அனுப்புனா உங்க லைசென்ஸும் போயிரும், என் வேலையும் போயிரும். இத நூறு மீட்டர் தள்ளி வச்சிருங்க. அவ்வளவுதான்."

"தள்ளி வைக்க முடியாதுங்க."

மதலேன் எங்கள் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என் மகன் வெளியூருக்குப் போகல சார். பைக்க உள்ள திருப்புறப்ப லாரி அடிச்சு இந்த இடத்துலதான் விழுந்தான். நான் ஓடி வந்து பார்க்கயில உயிர் இருந்துச்சு. நூறு மீட்டர் தள்ளி என்னத்த வைக்கச் சொல்றீங்க?"

கோமதிநாயகம் டேப்பைத் தானே சுற்றி உதவியாளரிடம் கொடுத்தார். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குத் தெரியாது" என்றார். ஜீப்பில் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீக. நினைவுக்கல்லுன்னா அது வழிபாட்டுத் தலத்துல வராது. ஆனா சாமி இருக்கக் கூடாது, உண்டியல் இருக்கக் கூடாது, மெழுகுவத்தி ஏத்தக் கூடாது. பேரு, பிறந்த தேதி, இறந்த தேதி எழுதியிருக்கணும். அந்த இறப்புச் சான்றையும் ஆபீஸ்ல குடுத்திருங்க. இதெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம்.

மார்ச் 19, வியாழன்

மதலேன் பேசவில்லை.

மார்ச் 21, சனி

இன்று பேசினாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"வெளியூருன்னு சொல்றப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

நான் உண்மையைச் சொன்னேன். கலால் ஆபீஸ் அம்மா வெளியூரா என்று கேட்டதும் ஒரு நிமிடம் அவன் நாசிக்கில் இருக்கிற மாதிரியே இருந்தது. நன்றாக இருந்தது. ஆபீசுக்குப் போகிற நாளெல்லாம் அவன் பைல் உயிரோடு இருந்தது. மனுதாரர் பெலிக்ஸ், மனுதாரர் கையெழுத்து, மனுதாரர் எப்போது வருவார். அந்த ஓர் இடத்தில்தான் அவனைப் பற்றி இன்னும் அப்படிப் பேசினார்கள்.

அவள் கீரையை வைத்துவிட்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு மட்டும் ஒரு இடம் வேணாமா?" என்றாள். "நீங்க கல்லு வேணாம்னீங்க. கல்லறைக்குப் போனாலும் கூட வர மாட்டேங்கிறீங்க. அவன் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிர்றீங்க. அதான் அந்தோணியாரு பேரச் சொல்லி உக்காந்துக்கிட்டேன். லைசென்சுக்குன்னு சொன்னா நீங்க விடுவீங்கன்னு தெரியும்."

வேண்டுதல் பொய்யா என்று கேட்டேன்.

"பொய்யில்ல. அவன் ஆசப்பட்ட லைசென்சு. எனக்கும் வேணும்."

மார்ச் 24, செவ்வாய்

கெபியிலிருந்து அந்தோணியாரை எடுக்கப் போகிறோம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் ஐம்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். தேவசகாயம் மைக்கைக் கையில் வைத்திருந்தான். கையில் மைக் இருந்தால் அவனுக்கு மூச்சுவிடவே தோன்றாது.

"அந்தோணியாரத் தூக்கிட்டுச் சாராயக் கடை வைக்கப் போறாராம் நம்ம மாமா. இத நம்ம சும்மா விடலாமா?"

பங்குச்சாமியாரிடம் முன்னாலேயே பேசியிருந்தேன். கோயிலில் அந்தோணியாருக்கு மாடம் காலியாகத்தான் இருக்கிறது, ஈஸ்டர் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மேளத்தோடு தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. விதியைச் சொன்னேன், நூறு மீட்டரைச் சொன்னேன். "விதிய மாத்தச் சொல்லுங்க" என்றான் ஒருவன்.

மதலேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லுவாள் என்று பார்த்தேன். அன்றைக்கு அதிகாரியிடம் சொன்னாளே. அவள் வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை உங்கள் முறை என்கிற மாதிரி.

"இது அந்தோணியார் இடமில்ல" என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. திரும்பச் சொன்னேன். "இது பெலிக்ஸ் செத்த இடம்."

செத்த. அந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, அடக்கத்தன்று சொல்லவில்லை, ஒரு வருடமாக எங்கேயும் சொல்லவில்லை. தேவசகாயம் மைக்கைக் கீழே இறக்கினான்.

பேச்சியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"தெரியும்யா. ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் சொல்லவே இல்ல. நீங்க சொல்லாம நாங்க எப்படிச் சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் ரெண்டு மெழுகுவத்தி வச்சா அதுல ஒண்ணு தம்பிக்குத்தான்யா. மூக்குத்தி கெடைச்சு ஒண்ணரை மாசத்துக்கு மேல ஆச்சு. பெறகு எதுக்கு நான் வாரம் தவறாம வாரேன்?"

பிறகு யாரும் சண்டை போடவில்லை. தேவசகாயம் உண்டியல் சங்கிலியை அவிழ்க்கப் போனான். சாவியைத் தொலைத்துவிட்டானாம், ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்தான்.

மார்ச் 26, வியாழன்

இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் மதலேன் போன வருடமே தனியாக அலைந்து வாங்கி பீரோவில் வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. இன்று அவளும் கூட வந்தாள்.

பிரிவு அம்மா வாங்கிப் படித்தார். "வெளியூர்னு சொன்னீங்களே சார்" என்றார். உடனே எழுந்து தன் நாற்காலியை மதலேனுக்குப் போட்டார். மனுதாரர் என்ற இடத்தில் பெலிக்ஸ் என்பதை அடித்து, மேலே அருளப்பன் என்று எழுதினார். அடிக்கும்போது ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். அதைப் பார்க்கத் தெம்பில்லை, ஆனாலும் பார்த்தேன்.

திரும்பும்போது இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

மார்ச் 30, திங்கள்

கல் வெட்டுகிறவன் உத்தமபாளையத்தில் இருக்கிறான். கறுப்புக் கல்லா வெள்ளைக் கல்லா என்றான். கறுப்பு. என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினான். நானே எழுதினேன்.

அ. பெலிக்ஸ். பிறப்பு, இறப்பு. தேதிகள். பிறகு என்ன என்றான். பைபிளில் இருந்து ஏதாவது வசனம் போடுவார்களே என்றான். வசனம் போட்டால் அதிகாரி சாமி என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. "திராட்சைக்காரன்" என்று போடு என்றேன். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்தோணியாரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மேளம், பட்டாசு, தேவசகாயம் முன்னால். நல்ல வெயில். நானும் நடந்தேன். கோயில் வாசலில் கால் தயங்கியது. மதலேன் என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஏப்ரல் 15, புதன்

கோமதிநாயகம் திரும்ப வந்தார். மாடத்துக்குள் கல் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று படித்தார். பிறகு சட்டென்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"செருப்பக் கழத்துனா கும்பிட்ட மாதிரி ஆயிரும்லா" என்றார், உதவியாளரைப் பார்த்து. உதவியாளர் எதையும் பார்க்காதவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்னன்னு எழுதட்டா அண்ணாச்சி? உங்க வாயால சொல்லணும்."

"என் மகனுடைய நினைவுக்கல்."

எழுதிக்கொண்டார். "மெழுகுவத்தி மட்டும் ஏத்திராதீக. பூமாலையும் வேண்டாம், யாராச்சும் படம் எடுத்தா கோயிலுன்னு சொல்லிருவான். கஷ்டம்தான். எனக்கும் புரியுது."

மதலேன் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு அந்த இரும்புத் தட்டைக் கழற்றிக் கழுவி, காய்ந்த மெழுகைக் கத்தியால் சுரண்டி, அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள். மெழுகு சுரண்டவே மத்தியானம் ஆயிற்று.

ஏப்ரல் 20, திங்கள்

பழம் நிறம் மாறிவிட்டது. வியாபாரி வந்து பார்த்தான். விலை சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 25, சனி

ஒன்றும் வரவில்லை. பழம் நிற்காது. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி மழை பெய்தால் எல்லாம் போயிற்று. வியாபாரி மறுபடி போன் பண்ணினான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

வந்துவிட்டது. கோமதிநாயகமே கையில் கொண்டுவந்தார். தாளின் கீழே கோபுர முத்திரை. உரிமம் பெறுபவர் அருளப்பன். படித்துப் பார்த்தேன். நிபந்தனைகள் இரண்டு பக்கம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். களைப்பாகத்தான் இருந்தது. கட்டிலில் போய்ப் படுத்துவிட்டேன். மதலேன் அதை வாங்கி எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். பிறகு ஜாடியைத் திறந்து அரை டம்ளர் ஊற்றிக் கொண்டுவந்தாள். அதிகாரி இன்னும் வாசலில்தான் இருக்கிறார் என்றேன். "ஊறுகாதான" என்றாள்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று முதல் வெட்டு. விடிகிற நேரத்திலேயே பேச்சியம்மாள் ஆட்களோடு வந்துவிட்டாள். கூடை கூடையாகப் பழம் செட்டுக்குப் போனது. பெலிக்ஸ் எழுதி வைத்திருந்தபடி முதல் டாங்கில் இறக்கினோம். இரண்டு பூட்டும் போட்டாயிற்று. அதிகாரி அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் என்னுடையதை மதலேனிடம் கொடுத்தேன்.

நிபந்தனைத் தாளை மத்தியானம் மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். சிலை கூடாது. உண்டியல் கூடாது. மெழுகுவர்த்தி, விளக்கு, மாலை, பூசை, கூட்டம், ஒலிபெருக்கி, எதுவும் கூடாது. திராட்சையைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

நல்ல குலையாக ஒன்று பொறுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். போன வருடம் பிப்ரவரிக்குப் பிறகு நானாக அந்த இடத்தில் நின்றது கிடையாது. ஜீப்பிலும் பஸ்ஸிலும் கடந்திருக்கிறேன், ஆட்களோடு நின்றிருக்கிறேன். தனியாக இல்லை. பெலிக்ஸுக்கு இந்தப் பழம் தின்னப் பிடிக்காது. விதையைத் துப்பியே வாய் வலிக்குது, இது குடிக்கத்தான்ப்பா லாயக்கு என்பான். இருந்தாலும் வைத்தேன்.

"வெட்டு ஆரம்பிச்சாச்சுடா" என்றேன்.

சாயங்காலம் மதலேன் பார்த்துவிட்டு வந்து, குலையெல்லாம் எறும்பு மொய்க்கிறது, கல்லைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.